சிறுமூளைக் கட்டி: கோவையிலேயே வைத்தியமா, வேலூர், பெங்களூர் போவதா?

பின்மண்டையில் கட்டி என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்த அன்றைக்கே கொங்கு வீடுகளில் ஊர்ப் பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும். "வேலூருக்குப் போயிரலாமுங்க" என்பார் சித்தப்பா. "பெங்களூர்ல நிமான்ஸ் மூளைக்குன்னே இருக்குது, அங்க போனாத்தான் சரி" என்பார் மாமன். கோவையில் தெரிந்த டாக்டர் ஒருத்தரின் நம்பர் இன்னொருவர் கையில் இருக்கும். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஊர் என்கிற இந்த ஒரு கேள்விக்குள் தனித்தனியான மூன்று முடிவுகள் இருக்கின்றன. தலைக்குள் ஏறியிருக்கும் அழுத்தத்தை எங்கே இறக்குவது, கட்டியை யார் எடுப்பது, அதற்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), கீமோ (புற்றுநோய் மருந்து) என்று மாதக்கணக்கில் நீளும் வைத்தியத்தை எங்கிருந்து பார்ப்பது. மூன்றுக்கும் ஒரே ஊர் பதிலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

என் அக்கா மகனுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற சிறுமூளைப் புற்றுக்கட்டி. அதன் பிறகு ஈரோடு, திருப்பூர் பக்கம் இதே மாதிரி ரிப்போர்ட் வந்த குடும்பங்கள் என்னிடம் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் மருத்துவர் இல்லை. எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னே வைக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கத் தேவையானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் முடிவுக்கு நேரமே கிடையாது. பின்மண்டைக்குள் இருப்பது சிறுமூளையும் மூளைத்தண்டும். இரண்டுக்கும் நடுவில் நான்காவது மூளை அறை என்கிற சின்ன இடம் இருக்கிறது. மூளைக்குள் சுரக்கும் நீர் இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குச் சுரக்கும் நீர் அது. கட்டி இந்த இடத்தை அடைத்தாலும் சுரப்பு நிற்பதில்லை. மதகு அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் வரப்பேறுகிற மாதிரி மேலே உள்ள அறைகள் வீங்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி எடுத்த பிறகு கொஞ்சம் தெளிவு, நடையில் தள்ளாட்டம், பொருள் இரண்டாகத் தெரிவது, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது என்று அறிகுறிகள் வருவது இதனால்தான். நம் ஊரில் இந்தக் காலை வாந்தியைப் பித்தம் என்று சொல்லியும், கண்ணுப்பட்டதென்று மந்திரித்தும், அல்சர் மாத்திரை கொடுத்தும் பல வாரங்கள் போய்விடுகின்றன. வாந்தியோடு தள்ளாட்டமும் சேர்ந்து வருகிற பிள்ளையை வயிற்று டாக்டரிடம் மட்டும் காட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

பிள்ளை மயக்கமாக, தூங்கித் தூங்கி விழுகிற நிலையில் இருந்தால் வெளியூர்ப் பேச்சுக்கே இடமில்லை. கோவையிலிருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ராத்திரியில் காரில் ஓட்டிப் போகிற அளவுக்கு அழுத்தம் ஏறிய மூளை தாங்காது. 108-ஐக் கூப்பிட்டு, நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் அரசு வழியில் இருக்கின்றன. தனியாரில் அவினாசி சாலையிலேயே கேஎம்சிஎச், பிஎஸ்ஜி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பெரிய காரியம் என்றால் குலதெய்வக் கோயிலில் பூவாக்குக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்போம் என்கிற குடும்பங்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கேட்பதானால் பிள்ளை ஆஸ்பத்திரியில் பத்திரமாகச் சேர்ந்த பிறகு வீட்டில் இருப்பவர்கள் போய்க் கேட்டு வரட்டும்.

அங்கே முதலில் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தைக் குறைப்பார்கள். நிறையப் பேருக்கு இதிலேயே ஒன்றிரண்டு நாளில் வாந்தி நின்று முகம் தெளிந்துவிடும். ஆபரேஷனை எங்கே செய்வது என்று யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் இதுதான். குணமாகிவிட்டது என்று எண்ணி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடக் கூடாது.

ஸ்டீராய்டு போதவில்லை என்றால் நீரை வெளியேற்றச் சில வழிகள் உண்டு, அவை ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. வெளியே டியூப் வைத்து நீரைப் பையில் இறக்குவது தற்காலிக ஏற்பாடு. சீக்கிரம் செய்யலாம். நாள் ஆக ஆகக் கிருமி தொற்றும் ஆபத்து கூடும். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு மூன்றாவது அறையின் அடித்தளத்தில் துளை போட்டு, நீருக்கு மாற்றுப் பாதை உண்டாக்குவது இன்னொன்று. உடம்புக்குள் எந்தப் பொருளும் தங்காது என்பது இதன் பெரிய நன்மை. மூன்றாவது, தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் குழாய் ஓடும் ஷன்ட். ஷன்ட் வைத்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அதோடுதான். அடைத்துக்கொள்ளலாம், கிருமி பிடிக்கலாம், மறுபடி திறந்து மாற்ற வேண்டி வரலாம்.

கட்டியை எடுத்தாலே பாதை திறந்து, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தனியாக ஷன்ட் தேவைப்படாமல் போகிறது. அதனால் கட்டியை ஓரிரு நாளில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள் என்றால், "முதல்ல ஷன்ட் வச்சிருவோம், கட்டியைப் பிறகு பார்க்கலாம்" என்கிற யோசனைக்குக் காரணம் கேளுங்கள். சரியான காரணம் இருக்கலாம்: பிள்ளை மிகவும் சோர்ந்திருக்கலாம், ஆபரேஷன் தள்ளிப்போகலாம். எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

இரண்டாவது முடிவு யார் கையில் கத்தி என்பது. இதற்கு முன்னால் கட்டி எந்த வகையாக இருக்கலாம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எடைபோடும் விதமே அதனால் மாறுகிறது. குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி பின்மண்டையில்தான் வருகின்றன. எம்ஆர்ஐயில் ஓரளவு ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்வது, எடுத்த கட்டித் துணுக்கைச் சோதிக்கும் பயாப்சி ரிப்போர்ட்தான்.

பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்று வந்தால் அது கிரேடு 1 கட்டி, அதாவது மெதுவாக வளரும் வகை. நீர்ப்பையும் அதன் சுவரில் ஒரு முடிச்சுமாக ஸ்கேனில் தெரிவது இதன் வழக்கமான உருவம். முழுதாக எடுத்துவிட்டால் கரண்டும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நலமாக இருக்கிறார்கள். இங்கே முடிவு கிட்டத்தட்ட முழுக்க முழுக்க சர்ஜனைப் பொறுத்தது.

எபெண்டிமோமாவிலும் சர்ஜனின் பங்கு பெரிது. நான்காவது அறையிலிருந்து கிளம்பி, விழுங்குவதையும் குரலையும் ஆளும் நரம்புகளைச் சுற்றிக்கொண்டு வளரக்கூடியது இது. முழுதாக எடுப்பதுதான் இதில் ஆயுளைத் தீர்மானிக்கும் தனிப்பெரும் காரணம். மீதி இருந்தால், இரண்டாவது முறை திறந்து எடுக்க முடியுமா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை. அதன் பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கரண்ட் வைப்பார்கள்.

மெடுல்லோபிளாஸ்டோமாவில் கணக்கு வேறு. இது கிரேடு 4 (கட்டியின் வேகத்தைச் சொல்லும் எண்தான், நோய் முற்றிய கட்டம் என்று அர்த்தமில்லை), வேகமாக வளரும், மூளை நீர் வழியாக முதுகுத்தண்டுக்குப் பரவும். ஆனாலும் கரண்டுக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படும். ஆபரேஷனுக்குப் பிறகு மீதிக் கட்டி 1.5 சதுர செ.மீ.க்குக் குறைவாக இருந்து, எங்கும் பரவாமல், பிள்ளைக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் வழக்கமான ஆபத்துப் பிரிவில் சேர்ப்பார்கள். இந்தப் பிரிவில் நல்ல சிகிச்சை முழுமையாகக் கிடைத்தால் ஐந்து வருடம் கடப்பவர்கள் நூற்றுக்கு 80 பேர் அளவுக்கு. பரவியிருந்தால் அந்த எண் குறையும், கைவிட வேண்டிய அளவுக்குக் குறையாது. கட்டியின் மரபணுக்களைப் பார்க்கும் மூலக்கூறு பரிசோதனையில் இதை நான்கு குழுவாகப் பிரிக்கிறார்கள். அதில் டபிள்யூஎன்டி குழுப் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள், மூன்றாம் குழு கடினமானது. இங்கே மூளைத்தண்டில் ஒட்டிய சிறு துணுக்கை விட்டுவிட்டு வருகிற சர்ஜன் வேலையைக் குறையாகச் செய்தவர் ஆகமாட்டார். அதைச் சுரண்டி எடுத்து, பிள்ளைக்கு விழுங்க முடியாமல் போவதைவிட அதுதான் நல்ல முடிவு. "முழுசா எடுத்தாச்சுங்களா?" என்று வாசலில் நின்று கேட்கும்போது, எந்தக் கட்டிக்கு அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருப்பது மனசுக்கும் நல்லது.

இப்போது ஊருக்கு வருவோம். பின்மண்டை ஆபரேஷனுக்கு வேண்டியவை நல்ல மைக்ரோஸ்கோப், நரம்புகளைக் கண்காணிக்கும் மானிட்டர், குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர், குழந்தைகள் ஐசியு, எல்லாவற்றுக்கும் மேலாக இதைத் தொடர்ந்து செய்து பழகிய கை. இவை இருக்கும் இடங்கள் கோவையில் உண்டு. வெளியே என்றால் வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிமான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று நரம்பியலில் நீண்ட பழக்கம் உள்ள இடங்கள். சேலத்துக்காரருக்குப் பெங்களூர் 200 கிலோமீட்டர்தான். பொள்ளாச்சிக்காரருக்குக் கொச்சி, சென்னையில் பாதித் தூரம்கூட வராது. எனவே கொங்கு முழுமைக்கும் ஒரே விடை சொல்ல முடியாது.

என் எண்ணம் இது. முதல் ஆபரேஷன்தான் சிறந்த வாய்ப்பு. இரண்டாவது முறை திறக்கும்போது தழும்பு ஒட்டியிருக்கும். அதனால் ஸ்டீராய்டில் பிள்ளை நிலையாக இருக்கிறதென்றால், ஊரைப் பார்க்காமல் சர்ஜனைப் பாருங்கள். நேராகவே கேளுங்கள்: குழந்தைகளின் பின்மண்டைக் கட்டி ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? ஆபரேஷனுக்கு முன்பே முதுகுத்தண்டுக்கும் சேர்த்து எம்ஆர்ஐ எடுப்பீர்களா? முடிந்த பிறகு 48 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 72 மணிக்குள், மறுபடி எம்ஆர்ஐ உண்டா? அதற்கு மேல் தாமதித்தால் ஆபரேஷனால் உண்டான மாற்றத்தையும் மீதிக் கட்டியையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் இந்தக் கேள்விக்கு வரும் பதிலே அந்த இடத்தின் தரத்தைக் காட்டிவிடும். கோவையில் திருப்தியான பதில் கிடைத்தால் கோவையே போதும். கிடைக்காவிட்டால் கிளம்புங்கள். வெளியூர்ப் பெரிய மையத்தில் பெயர் பதிந்து படுக்கைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது இந்த நோயில் நல்ல வழி இல்லை. அங்கே எப்போது எடுப்பார்கள் என்று தேதி தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய ஒன்று உண்டு. மெடுல்லோபிளாஸ்டோமா ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகப் பேசிவிட்டு, அப்புறம் பேச்சு நின்றுபோகும். உடம்பு துவண்டுவிடும், காரணமில்லாமல் அழுவார்கள், விழுங்கச் சிரமப்படுவார்கள். பின்மண்டை நோய்க்குறி என்று இதைச் சொல்கிறார்கள். சிறந்த மையங்களிலும் இது வருகிறது. "சாமி, அம்மாவக் கூப்பிடு கண்ணு" என்று தாய் கெஞ்சுவதும், பிள்ளை வெறித்துப் பார்ப்பதும் தாங்க முடியாத ஒன்று. வார, மாதக் கணக்கில் பேச்சு திரும்பும். பலருக்குக் கொஞ்சம் தடுமாற்றமும் மெதுவான பேச்சும் மிஞ்சும். பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் அன்றைக்கே தொடங்க வேண்டும். இது முன்கூட்டித் தெரியாத குடும்பங்கள், ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளையை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்த அலைச்சலில் போகிற நாட்கள் அடுத்த கட்டத்தைத் தாமதமாக்கிவிடும்.

மூன்றாவது முடிவில், அதாவது கரண்ட் வைக்கும் விஷயத்தில், தேதிதான் எல்லாம். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு ஆபரேஷன் ஆகி 28 முதல் 40 நாளுக்குள் கரண்ட் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான நெறி. ஏழு வாரத்தைத் தாண்டினால் பலன் குறைகிறது. தலை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் 23.4 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் சேர்த்து 54 கிரே வரை என்பது வழக்கமான ஆபத்துப் பிரிவின் அளவு. பரவியிருந்தால் முதல் அளவு 36 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நடுவில் விட்டு விட்டு வைத்தாலும் நட்டம்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் மூளைக்கு இந்த அளவு தாங்காது. அவர்களுக்குக் கீமோவை முன்னே வைத்துக் கரண்டைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ பார்ப்பார்கள்.

எல்லோரும் கேட்பது புரோட்டான் என்கிற இன்னொரு வகைக் கரண்ட். சென்னை தரமணியில் அப்பல்லோ புரோட்டான் மையம் 2019 முதல் இயங்குகிறது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்திலும் புரோட்டான் வந்துவிட்டது. சாதாரணக் கரண்ட் குறிவைத்த இடத்தைக் கடந்து மறுபக்கம் வரை போகும். புரோட்டான் குறிவைத்த ஆழத்தில் நின்றுவிடும். முதுகுக்கு வைக்கும்போது இதயம், நுரையீரல், தைராய்டு, குடல் எல்லாம் தப்பும். பின்னாளில் வரும் தொல்லைகள் குறையும் என்பதுதான் இதன் பயன். நோய் குணமாகும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். வசதி இருந்து, உடனே இடமும் கிடைத்தால், குறிப்பாகச் சின்னப் பிள்ளைக்கு, புரோட்டான் நல்லது. காட்டை விற்று, அதற்குள் ஏழு வாரம் ஓடிப்போய், அப்புறம் புரோட்டானுக்குப் போவதைவிட, கோவையிலேயே சாதாரணக் கரண்ட் வைக்கும் நவீன லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷினில் ஐந்தாவது வாரம் தொடங்குவது மேல் என்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்குப் பக்கம் என்பதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆறு வாரம் தாயும் தகப்பனும் வெளியூரில் என்றால் தறி நிற்கும், மாடு கறக்க ஆள் இருக்காது, இன்னொரு பிள்ளை அம்மிச்சி வீட்டில் ஏங்கும். அதன் பிறகு கீமோ பல மாதம். கீமோ நடக்கும்போது ராத்திரியில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கோபியிலோ தாராபுரத்திலோ இருப்பவருக்குக் கோவையில் ஒரு டாக்டர் குழு ஏற்கெனவே பழக்கமாயிருப்பது அப்போது உயிரைக் காக்கும். ஆபரேஷன் வெளியூரில், கரண்டும் கீமோவும் கோவையில் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு டாக்டர்களையும் பேச வைத்து, கரண்ட் தொடங்கும் தேதியை வாங்கிவிட வேண்டும். பயாப்சியில் இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்கி, பெரிய மையத்தின் நோய்க்கூறு பிரிவுக்கு அனுப்பலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். அட்டை இல்லாதவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் முதல் வேலையாக எடுங்கள். வெளி மாநிலம் போகும் முன் அங்கே அட்டை செல்லுமா என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் சலுகை உண்டு.

வெளியூரே போக வேண்டாம் என்று நான் சொல்லும் நிலை ஒன்று இருக்கிறது. மூளைத்தண்டு முழுக்கப் பரவிய டிஐபிஜி என்னும் கட்டி, பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள் வருவது. இதை ஆபரேஷனில் எடுக்க முடியாது. கரண்ட் வைத்தால் சில மாதம் நன்றாக இருப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம், இரண்டு வருடம் தாண்டுபவர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. எந்த ஊரும் இன்றைக்கு இதை மாற்றவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பி ஒரு இரண்டாவது கருத்து வாங்குங்கள், மூலக்கூறு பரிசோதனைக்காக பயாப்சி தேவையா என்று கேளுங்கள். அதன் பிறகு கரண்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வலி தணிக்கும் டாக்டரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டு, நன்றாக இருக்கும் மாதங்களை வீட்டில், பாட்டி தாத்தாவோடு கழிக்க விடுங்கள். மூலிகை, அதிசய மருந்து என்று லட்சக்கணக்கில் கேட்டு வருபவர்கள் அதிகம் குறிவைப்பது இந்தக் குடும்பங்களைத்தான்.

பெரியவர்களுக்கு வரிசை வேறு. ஐம்பதைத் தாண்டியவருக்குச் சிறுமூளையில் கட்டி என்றால் நுரையீரல், மார்பு, சிறுநீரகம் என்று வேறு இடத்திலிருந்து பரவியதா என முதலில் தேடுவார்கள். நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் இதே மாதிரி ஸ்கேனில் தெரியும். அதற்கு மாத்திரையே மருந்து என்பதால் உறுதிப்படுத்தாமல் அவசரப்படக் கூடாது. இரத்தக்குழாய்க் கட்டியான ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்று வந்தால் எடுத்துவிட்டால் குணம்தான். ஆனால் விஎச்எல் என்கிற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கண், சிறுநீரகத்தையும், கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு காது மட்டும் மெல்லக் கேட்காமல் போகிறவருக்கு வரும் காது நரம்புக் கட்டி புற்று அல்ல. வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும், சிலருக்கு வளராமலே நிற்கும். சின்னதாக இருந்தால் வருடம் ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். மூன்று செ.மீ.க்குள் என்றால் நிமான்ஸில் உள்ள காமா நைஃப் போன்ற ஒரே நாள் கதிர் சிகிச்சை, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வளர்ச்சியை நிறுத்துகிறது. மூளைத்தண்டை அழுத்தும் அளவுக்குப் பெரிதென்றால் ஆபரேஷன். இதில் வாரக்கணக்கில் யோசிக்க நேரம் உண்டு, பிள்ளைகளின் கட்டிக்குச் சொன்ன அவசரத்தை இதற்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

வைத்தியம் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ என்று தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதற்கு ஒவ்வொரு முறையும் வெளியூர் ஓட வேண்டாம். கோவையில் எடுத்து, சிடியை அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். தலைக்குக் கரண்ட் வைத்த பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் குறையலாம், சிஸ்பிளாட்டின் கீமோவால் காது மந்தமாகலாம், படிப்பில் வேகம் குறையலாம். வருடா வருடம் உயரம், தைராய்டு, காது மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் முன் பெஞ்சுக்கும், பரீட்சையில் கூடுதல் நேரத்துக்கும் டாக்டர் சர்டிபிகேட்டோடு எழுதிக் கொடுங்கள். என் அக்கா மகனுக்குக் கணக்குப் பாடத்தில் அந்தக் கூடுதல் நேரம் கிடைத்த பிறகுதான் பரீட்சைத் தாளை முழுதாக எழுதி முடிக்க முடிந்தது.